சாருலதாவின் இறுதிக் காட்சியில் பொருள் புலப்படுமாறு

இரவீந்திரநாத தாகூர் 1901-ஆம் ஆண்டில் எழுதிய நெடுங்கதையொன்றைச் சத்யஜித் ராய் 1964-ஆம் ஆண்டில் ‘சாருலதா’ என்னும் வங்கத் திரைப்படமாக ஆக்கினார். கதையின் பெயர், அதன் வடசொல் வடிவு நோக்கி எழுதின், ‘நஷ்டநீடம்’ என்றாகும். நீடம் என்பது பறவைக் கூடு. சிதைந்த கூடு என்பது அப்பெயரின் பொருள். படம் வெளிவந்தபோது வங்கத்துத் திறனாய்வாளருள் சிலர், அது மூலக்கதையினின்றும் பல இடங்களில் விலகிற்றென்று குறை கூறினர். ராய் அதற்கு மறுமொழியாகத் தனிக்கட்டுரை எழுதும் அளவிற்கு அவ்வுரையாட்டு வளர்ந்தது. அக்கருத்துப் போர் முழுவதையும் எடுத்துரைத்தல் ஈண்டு எம் நோக்கமன்று. கதையின் முடிவும் படத்தின் முடிவும் வேறுபடும் அவ்வோரிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுத்தில் ஒரு சொல் ஆற்றிய வினையைத் திரையில் எவ்வெவ்வுருவங்கள் ஆற்றுகின்றன என்பதனை ஆராய்வோம்.

இலக்கியத் துறையினர் திரைப்படத்தை ஆராயப் புகுதல் தகுமோ என ஐயுறுவார் இன்னும் உளர். நாடகத்தை முத்தமிழுள் ஒன்றாக வைத்தெண்ணிய மரபினர்க்கு அவ்வையம் வேண்டுவதில்லை. ஆயினும், திரைப்படத்தைக் கதைச் சுருக்கமாகவும் உரையாடல்களின் தொகுதியாகவுமே கொண்டு பேசும் வழக்கம் நம்மிடையே மிகுதி. அங்ஙனம் பேசுவோர்க்குச் சாருலதாவின் இறுதிக் காட்சியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இராது. அக்காட்சியில் உரையாடல் ஏறக்குறைய இல்லை. நிகழ்ச்சியோ முற்றுப்பெறவே இல்லை.

கதைப் போக்கைச் சுருங்கக் கூறுவோம். பூபதி செல்வன், நல்லவன், ஆங்கிலச் செய்தித்தாள் ஒன்றை நடத்துவதிலேயே பொழுதெல்லாம் போக்குபவன். அவன் மனைவி சாரு, வேலையாட்கள் நிறைந்த பெரிய வீட்டில் செய்வதற்கு ஏதுமின்றித் தனித்திருக்கிறாள். பூபதியின் அத்தை மகனாகிய அமல் அவ்வீட்டிற்கு வருகிறான். தமிழ்நாட்டு முறைப்படி அத்தை மகன் மைத்துனன் ஆவான். வங்கத்திலோ அவன் தம்பி முறையினன், ஆகவே சாருவிற்குக் கொழுந்தன். இவ்வுறவு முறையை உணராதார்க்குக் கதையின் இடர்ப்பாடு முழுமையாக விளங்காது. இலக்கிய நாட்டத்தால் ஒன்றுபட்ட சாருவும் அமலும் எழுதுவதிலும் படிப்பதிலும் பொழுது போக்குகின்றனர். அந்நட்பு சாருவின் உள்ளத்தில் தானறியாமலே வேறொன்றாக முதிர்கிறது. செய்தித்தாளின் பணத்தைச் சாருவின் தமையன் கையாடிவிட, நம்பினவன் செய்த வஞ்சனையால் பூபதி நொந்து நிற்கிறான். தானும் அத்தகைய வஞ்சகனாய்விடுவோமோ என்றஞ்சிய அமல் வீட்டை விட்டு நீங்குகிறான். படத்தில் இவை யாவும் 1879, 1880-ஆம் ஆண்டுகளின் கல்கத்தாவில் நிகழ்கின்றன.

சாருவின் உள்ளம் பூபதிக்கு வெளிப்படும் இடம் கதையில் ஒருவகை, படத்தில் மற்றொருவகை. கதையில், இங்கிலாந்து சென்றுவிட்ட அமலுக்குச் சாரு மறைவாக அனுப்பிய தந்திக்கு வந்த விடைத் தந்தி பூபதியின் கைக்குக் கிட்டுகிறது. படத்தில், அமலிடமிருந்து வந்த மடலைப் படித்த சாரு வாய்விட்டழுது அவன் பெயரை அரற்றுவதைப் பூபதி எதிர்பாரா வகையில் நேரிற் கேட்டுவிடுகிறான்.

தாகூர் கதையை முடிக்கும் முறை இது. மைசூரில் ஒரு செய்தித்தாளை நடத்தப் பூபதிக்கு அழைப்பு வருகிறது. அவன் புறப்பட இசைகிறான். தன்னையும் உடன் அழைத்துச் செல்லுமாறு சாரு வேண்டுகிறாள். மற்றொருவனை நெஞ்சிற் சுமந்தவளோடு தொலைநாட்டில் நாள்தோறும் வாழ்தலை எண்ணிப் பூபதி முதலில் மறுக்கிறான். அவள் முகம் வெளிறுவதைக் கண்டு இரங்கிப் பின்னர் உடன் வரச் சொல்கிறான். அப்போது சாரு ஒரு சிறு சொல்லால் வேண்டாமென்று விலக்கிவிடுகிறாள். அவ்வளவே கதை. அம்மறுப்பிற்குத் தாகூர் விளக்கம் தருவதில்லை. சினமா, நாணமா, இரக்கத்தால் வந்த அழைப்பை ஏற்க ஒவ்வாத தன்மதிப்பா என்று படிப்போரே உய்த்துணர வேண்டும். ஆயினும் யார் மறுத்தார் என்பதில் ஐயம் சிறிதும் இல்லை. மறுத்தவள் சாரு.

இனிப் படத்தின் முடிவு. சாருவின் அழுகையைக் கேட்டு வெளியேறிய பூபதி வண்டியில் ஏறி இலக்கின்றித் திரிந்து, இருள் சூழும் வேளையில் வீடு திரும்புகிறான். சாரு கதவைத் திறக்கிறாள். அவன் வாயிலுக்கு வெளியே நிற்கிறான். அவள் உள்ளே நிற்கிறாள். உள்ளே வருமாறு ஒரு சொல்லால் அழைத்து அவள் கையை நீட்டுகிறாள். அவன் தயங்குகிறான், பின்னர் அவன் கையும் மெல்ல எழுகிறது. இரு கைகளும் ஒன்றையொன்று தொடுவதற்குச் சிறிது முன்னர்ப் படத்தின் அசைவு நின்றுவிடுகிறது. தொடர்ந்து அசைவற்ற படங்கள் சில, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: பாதி ஒளியும் பாதி நிழலுமாகச் சாருவின் முகம், பூபதியின் முகம், கையில் விளக்குடன் நிற்கும் முதிய வேலையாள், முடிவில், சற்றுத் தொலைவினின்று காணப்பெறும் கணவனும் மனைவியும், இடையே சேராத கைகள். அதன்மேல் ‘நஷ்டநீடம்’ என்னும் கதைப்பெயர் வங்க எழுத்தில் தோன்றுகிறது.

இவ்விரு முடிவுகளையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும், கதை பிரிவில் முடிகிறது, படம் கூடும் குறிப்போடு முடிகிறது, ஆகவே இயக்குநர் கதையின் கடுமையைத் தணித்துவிட்டார் என்பர். கைகளை மட்டும் நோக்கின் அவ்வாறு தோன்றுதல் இயல்பே. ஆனால் எவர் எதைச் செய்கின்றனர் என்று பகுத்துப் பார்த்தல் வேண்டும். கதையில் அழைப்பவன் பூபதி, விலக்குபவள் சாரு. படத்தில் அழைப்பவள் சாரு; தயங்குபவன் பூபதி; அவனும் விலக்குகின்றானல்லன், கையை நீட்டவே செய்கிறான். அங்ஙனமாயின் கைகளைச் சேரவொட்டாமல் தடுத்தது யார்? கதைமாந்தருள் ஒருவரும் இல்லை. படமே தடுத்தது. சாருவின் வாயில் தாகூர் வைத்த மறுப்பை ராய் அவள் வாயினின்று நீக்கி, அசைவை நிறுத்தும் உத்தியின் கையில் ஒப்படைத்துவிட்டார். மறுப்பு மறையவில்லை, இடம் பெயர்ந்தது. இறுதிக் காட்சியின் ஏனைய உத்திகள் யாவும் இவ்விடப் பெயர்ச்சிக்குத் துணை நிற்பனவே.

அவ்வுத்தி எவ்வாறு இயல்கிறது என்பதைச் சிறிது விளக்குதல் நன்று. திரையில் நாம் காணும் அசைவு, நொடிக்கு 24 எனும் அளவில் எடுக்கப்பெற்ற தனித்தனிப் படங்கள் விரைந்து மாறுவதால் தோன்றுவது. அப்படங்களுள் ஒன்றை மட்டும் தேர்ந்து, படச்சுருளில் மீண்டும் மீண்டும் அச்சிட்டுக்கொண்டே செல்வார்களாயின், கருவி ஓடிக்கொண்டிருக்கத் திரையில் அசைவு நின்றுவிடும். இதனை யாம் உறைபடம் என்போம். நடிகர் அசையாது நிற்பதும் உறைபடமும் ஒன்றல்ல. அசையாது நிற்கும் நடிகரிடத்து மூச்சு உண்டு, இமை துடிக்கும், ஆடை நுனி காற்றில் அசையும், அவை ஒன்றும் இல்லையாயினும் பிலிமின் நுண்துகள்கள் படத்துக்குப் படம் மாறி, காட்சியில் ஒருவகைத் துடிப்பை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். உறைபடத்தில் அத்துகள்களும் நின்றுவிடுகின்றன. காண்போர் இதனைப் பெயரிட்டு அறிவதில்லை. ஆனால் உயிருள்ளது ஏதோ திடீரென்று நீங்கிற்று என்று கண் உணர்ந்துவிடுகிறது. ஆகவே இரண்டு கைகள் தயங்கி நின்றன என்பதன்று ஈண்டுப் பெறப்படும் பொருள். அவை இனி ஒருபோதும் அசையா என்பதே பெறப்படுகிறது.

இவ்வுத்தி ராய்க்கு முன்னரே இருந்தது. பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா திரூஃபோவின், ‘நானூறு அடிகள்’ எனப் பெயர்க்கத்தக்க 1959-ஆம் ஆண்டுப் படத்தின் முடிவு உலகறிந்தது. சீர்திருத்தப் பள்ளியினின்று தப்பியோடும் சிறுவன், ஓடி ஓடிக் கடற்கரையை அடைகிறான். இனி ஓட இடமில்லை. அலையில் கால் நனைத்துத் திரும்பி நம்மை நோக்குகிறான். அந்நோக்கோடு அசைவு நின்று, முகம் மட்டும் பெரிதாகிறது. சாருலதாவின் முடிவு இதன் வழிப்பட்டது என்று கூறுவோர் பலர். கூறுவதில் பிழையில்லை, ஆனால் அவ்வளவில் நின்றுவிடின் இழப்பு நமக்கே. திரூஃபோவின் உறைபடம் ஒன்றே ஒன்று. அது ஓட்டத்தின் முடிவில் வருகிறது. சிறுவன் செய்யவிருந்த செயல் கடற்கரையோடு முடிந்துவிட்டது. எஞ்சுவது அவன் நோக்கும் அது நம்மைக் கேட்கும் கேள்வியும். ராயின் உறைபடங்கள் பல. அவை ஒரு செயலின் நடுவில் வெட்டிக்கொண்டு வருகின்றன. மேலும், திரூஃபோவின் சிறுவன் நம்மைப் பார்க்கிறான். சாருவும் பூபதியும் நம்மைப் பொருட்படுத்துவதில்லை.

ஒன்றாக இராமல் பலவாக இருத்தலின் பயன் யாது? ஓடும் காட்சியில் கணவனும் மனைவியும் வாயிலும் ஓரிடத்தில், ஒரு காலத்தில் இருந்தனர். உறைபடங்களோ அவர்களைத் தனித்தனித் துண்டுகளாக்கிவிடுகின்றன. கை ஒரு படம். அவள் முகம் ஒரு படம். அவன் முகம் ஒரு படம். பழைய புகைப்படத் தொகுப்பொன்றின் ஏடுகளைப் புரட்டுவது போன்ற உணர்ச்சி உண்டாகிறது. புகைப்படத்தில் இருப்பது இறந்தகாலம். இவ்விருவரையும் இணைத்துக் காட்டும் தொடர்ச்சி நம் கண்முன்னரே குலைகிறது. சிதைந்த கூடு என்னும் பெயர் எழுத்தில் தோன்றுமுன், கூடு சிதைதலைக் காட்சியமைப்பே செய்துமுடித்துவிடுகிறது.

இனிக் கைகளுக்கு இடையிலுள்ள வெளியை நோக்குவோம். இறுதியில் ஒரு சாண் இடைவெளி இத்துணைப் பொருள் சுமக்க வேண்டுமாயின், படம் தொடக்கத்திலிருந்தே இடைவெளிகளை எண்ணும்படி நம் கண்ணைப் பழக்கியிருத்தல் வேண்டும். அது நன்கு செய்யப்பட்டிருக்கிறது. படத்தின் தொடக்கத்தில் நெடுநேரம் உரையாடல் இன்றியே சாருவின் நண்பகற்பொழுது காட்டப்படுகிறது. கைப்பிடியுள்ள சிறு தொலைநோக்குக் கண்ணாடியொன்றை எடுத்துக்கொண்டு, அவள் சன்னலுக்குச் சன்னல் ஓடி, சாய்சட்டங்களின் இடுக்கு வழியே தெருவில் செல்வோரைப் பார்க்கிறாள். குரங்காட்டி செல்கிறான், பல்லக்கு செல்கிறது, குடை பிடித்த பருத்த மனிதர் ஒருவர் செல்கிறார். பின்னர் வீட்டினுள் பூபதி ஒரு நூலைப் படித்தவாறே அவளைக் கடந்து செல்கிறான். அவள் அங்கு நிற்பதை அவன் காணவில்லை. கைக்கெட்டும் தொலைவிற் சென்ற கணவனைச் சாரு அக்கண்ணாடி வழியே பார்க்கிறாள். பின்னர்க் கண்ணாடியைத் தாழ்த்துகிறாள். காமிராவின் பார்வை விரைந்து பின்வாங்கி, அவளைப் பெரிய வீட்டில் சிறிய உருவாக்கி விட்டுவிடுகிறது. அருகில் உள்ளவன் தொலைவில் உள்ளவன் ஆனமைக்கு ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

இதற்கு மறுதலையான காட்சி தோட்டத்து ஊஞ்சல். அங்கே அமல் புல்தரையிற் படுத்து எழுத, சாரு ஊஞ்சலில் ஆடுகிறாள். காமிரா அவளுடனேயே ஆடுதலால் அவள் முகம் நம் கண்முன் நிலைத்து நிற்க, தோட்டமே பின்னால் அசைந்து அசைந்து வருகிறது. உலகம் அசையத் தான் நிலைபெற்ற ஓர் இன்ப நிலை அது. அசைவிற்கே படத்தில் ஒரு பொருள் உண்டாகிவிடுகிறது: சாருவின் உள்ளம் உயிர்க்கும்போதெல்லாம் திரையில் அசைவு பெருகும். தன் ஊரைப் பற்றி எழுதத் தொடங்கும் வேளையிலும் அவள் முகத்தின்மேல் நினைவில் எழும் ஊர்க்காட்சிகள் படிந்து படிந்து ஓடுகின்றன. இவ்வாறு அசைவையே உயிரின் அடையாளமாகப் பயின்ற கண்ணுக்கு, முடிவில் அசைவு நின்றால் என்ன நேர்ந்ததென்று விளக்க வேண்டுவதில்லை.

தமிழ்ப் பொருளிலக்கணத்தில் பயின்றோர்க்கு முகங்களைக் காட்டும் உறைபடங்கள் மெய்ப்பாட்டை நினைவூட்டும். உள்ளத்து நிகழும் உணர்ச்சி உடம்பின்வழிப் புறத்தார்க்குப் புலனாதலே மெய்ப்பாடு. தொல்காப்பியர் எண்வகைப் படுத்துரைத்த அவற்றுள் சாருவின் முகத்தில் உள்ளது எது? அழுகை எனலாமோ எனின், அழுது முடித்த முகம் அது. அச்சம் எனின், அழைத்தவள் அவளே. பூபதியின் முகத்தில் வெகுளியும் இல்லை. மனந்தெளிந்த உவகையும் இல்லை. இரு முகங்களும் ஓர் உணர்ச்சியினின்று மற்றோர் உணர்ச்சிக்குச் செல்லும் வழியில் பிடிக்கப்பெற்றவை. ஓடும் படத்தில் ஒரு நொடிக்குள் மறைந்து, பெயரிடத்தக்க மெய்ப்பாடு ஒன்றிற்கு இடந்தந்திருக்கும் அவ்விடைநிலை, ஈண்டு நிலைபேறு பெற்றுவிடுகிறது. நடிப்பவர் எத்துணைத் திறமுடையராயினும் இவ்விடைநிலையை நடித்துக் காட்டி நிறுத்தல் அரிது. மாதவி முகர்ஜியின் நடிப்பும் படத்தை நிறுத்திய கையும் கூடியே இதனை ஆக்கின.

ஒளியைப் பற்றியும் சில கூறல் வேண்டும். சாருலதாவின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா. ஒளியை நேரே மாந்தர்மீது வீசாமல் வெண்பரப்பிற் பட்டுத் தெறிக்கவிட்டு இயற்கையொளி போல மென்மையாக்கும் முறையை ராயின் படங்களிற் கொணர்ந்தவர் அவர். பூபதியின் வீட்டு உட்புறம் பன்சி சந்திரகுப்தர் படப்பிடிப்பு நிலையத்தில் அமைத்த அரங்கமேயாயினும், பகலொளி சன்னல் வழி வந்து நிரம்பிய மெய்யான வீடாகவே தோன்றுகிறது. அத்தகைய மென்மையான ஒளியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பழகிய நமக்கு, இறுதிக் காட்சியின் இருளும், முகத்தை இரு கூறாக்கும் நிழலும் புதியன. வேலையாள் கையிலுள்ள விளக்கு அவ்வேளையில் எவர் வீட்டிலும் ஏற்றப்படுவதுதான். மாலையில் விளக்கேற்றுதல் இல்லறத்தின் விளக்கமான செயல். ஆயினும் அவ்விளக்கு மனைவியின் கையிலும் இல்லை, கணவன் கையிலும் இல்லை; இருவர்க்கும் உறவல்லாத ஒருவன், நேர்ந்தது இன்னதென்றறியாமல் ஏந்தி நிற்கிறான். அகப்பாட்டில் கருப்பொருள்களின்வழி, சொன்ன பொருளுக்குப் புறத்தே ஒரு பொருள் பிறத்தலை இறைச்சி என்பர். ராய் நம் இலக்கணத்தை அறிந்து செய்தார் என்று யாம் கூறவில்லை; அங்ஙனம் கூறுதல் வீண் பெருமை. ஆனால் வேலையாளும் விளக்கும் கதைக்கு இன்றியமையாதன அல்லவாயினும் உறைபடங்களுள் ஒன்றாக ஏன் இடம்பெற்றன என்னும் வினாவிற்கு, இறைச்சி பயின்றவர் விரைவில் விடை காண்பர்.

கதையின் கடுமை தணிந்ததா என்னும் வினாவிற்கு மீள்வோம். எம் கருத்தில் ஒருவகையால் அது மிகுந்தே இருக்கிறது. தாகூரின் பூபதி மைசூருக்குச் செல்கிறான். அவனுக்கு வேறோர் ஊரும் தொழிலும் உண்டு. பிரிவு துன்பமாயினும் அது ஒரு வழி. ராயின் பூபதிக்குச் செல்ல வேறிடம் இல்லை. வண்டியேறித் திரிந்தவன் அவ்வாயிலுக்கே மீள வேண்டியவனாகிறான். இருவரும் இனி அவ்வீட்டிலேயே வாழ்வர் என்று கொள்ளவே படம் இடந்தருகிறது. எவ்வாறு வாழ்வர் என்பதற்கு மட்டும் இடந்தரவில்லை. ஆனால் இழந்ததும் ஒன்றுண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. தாகூரின் சாரு கடைசிச் சொல்லைத் தானே சொன்னாள். அச்சிறு சொல்லில், தன் வாழ்வைப் பற்றி முதன்முறையாகத் தானே முடிவு செய்யும் பெண்ணைக் காண்கிறோம். படத்தின் சாரு அழைக்கிறாள், கை நீட்டுகிறாள். முடிவு செய்யும் உரிமை அவள் கையில் இல்லை. உத்தியின் கைக்கு மறுப்பை மாற்றியதற்கு ராய் கொடுத்த விலை அது.

இறுதியாகத் திரையில் தோன்றும் எழுத்து. படத்தின் தொடக்கத்தில் சாரு ஒரு கைக்குட்டையில் பூத்தையல் இட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் தைப்பது கணவன் பெயரின் முதலெழுத்து; அதுவும் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்து. ஆங்கில இதழும் ஆங்கில அரசியலுமே மூச்சாகக் கொண்டவனுக்கு அவன் எழுத்திலேயே தன் அன்பைத் தைத்துத் தருகிறாள். படம் முடியும்போது தோன்றுவது வங்கச் சொல். சாருவும் அமலும் எழுதிப் பழகிய மொழியின் சொல். மேலும், தொடக்கத்தில் படம் தலைவியின் பெயரைத் தன் பெயராகக் கொண்டது. கதையின் பெயரைக் கடைசி நொடிவரை மறைத்துவைத்து இங்கே வெளியிடுகிறது. அச்சொல்லின் முற்பகுதியாகிய ‘நஷ்ட’ என்பது வடமொழி இலக்கணப்படி இறந்தகால எச்சத்தின் தன்மையுடையது. அழிவு நிகழ்ந்து முடிந்தது என்று அது கூறுகிறது. அதன் பின்னே நிற்கும் உருவமோ இன்னும் முடியாத ஒரு செயல், தொடுதற்கு நீண்ட இரண்டு கைகள். முடிந்தது என்னும் சொல்லும் முடியாத கையும் ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்க, படம் நின்றுவிடுகிறது.